இல்லாத சேட்டிலைட்டின் டெக்னிகல் டைரக்டர்

எனக்குப் பயம் என்றால் வயிற்றில்தான் வரும். சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்குக் குழறும். எனக்கு அடிவயிறு கல்லாகிவிடும். 1994 டிசம்பர் மாதம் முழுக்க அந்தக் கல்லைச் சுமந்துகொண்டுதான் ஆபீஸ் போய் வந்தேன். காரணம் என் வீட்டுக்காரர் காஸ்பர், அவருடைய சிநேகிதர் ஷரஃபுதீன், அப்புறம் அமெரிக்காவில் நான் கண்ணால் பார்த்திராத ஒரு ராக்கெட் கம்பெனி. என் பங்கும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். டைப் அடித்தவள் நான்.

காஸ்பருக்குத் தொலைபேசி இலாகாவில் உத்தியோகம். உடம்பு அங்கே, மனசு ராக்கெட்டில். ஆபீஸ் விட்டதும் மவுண்ட் ரோடு லைப்ரரியில் போய் உட்கார்ந்து வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு வருவார். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் லஸ் பிரகாச மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் மூன்று பேர் கூடிவிடுவார்கள். காஸ்பர் ஒருவர். திருவல்லிக்கேணியில் சின்னதாக அச்சகம் வைத்திருந்த ஷரஃபுதீன் இரண்டாவது. மூன்றாவது என் தம்பி ஸ்டீவ்.

ஸ்டீவ் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவன். எங்களுக்குக் குழந்தை இல்லை. பாலிடெக்னிக் முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்று நான் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டது அவனுக்கே தெரியாது.

மூன்று பேரும் பேசுவது சண்டை மாதிரியே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தடவை விலக்கிவிட வந்துவிட்டார். முந்தின வருஷம் அமெரிக்கப் பாலைவனத்தில் கூம்பு மாதிரி ஒரு ராக்கெட் எழும்பி, அந்தரத்தில் நின்று, பக்கவாட்டில் நகர்ந்து, தன் நாலு காலை ஊன்றி நின்றபடியே இறங்கியிருந்தது. அதைப் படித்ததிலிருந்து காஸ்பருக்குச் சோறு இறங்கவில்லை.

"பல்லவன் பஸ் பாரிமுனை போய்ச் சேர்ந்ததும் அதைக் கடல்ல தள்ளிட்டு, அடுத்த டிரிப்புக்குப் புது பஸ் வாங்குவானா? ராக்கெட்டுக்கு மட்டும் என்ன இந்த ஊதாரித்தனம்?" என்பார்.

"நைனா, பஸ்ஸுக்கு பாரிமுனைல டீசல் போட்டுக்கலாம்" என்பார் ஷரஃபுதீன். "உன் ராக்கெட்டு திரும்பி வர்றதுக்கும் இங்கேர்ந்தே சொமந்துகினு போவணும். காலு வேற வெக்கிற. அப்பால சரக்கை எங்க ஏத்துவ? சின்ன சேட்டிலைட்டுக்கு சின்ன ராக்கெட்டு. ப்ளேன் வயித்துல கட்டி மேல தூக்கிகினு போயி அவுத்து வுடறான் பாரு, அதான் பொழப்பு. ஆட்டோ மாதிரி. ஒரு சவாரி, ஜோலி முடிஞ்சுது."

"உன் ஆட்டோதான் போன ஜூன்ல கடல்ல விழுந்துச்சே, பாய்."

"புது மாடலு. முதல் சவாரி. வுடு."

ஸ்டீவ் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போடுவான். "மொத்த எடையில சேட்டிலைட் நூத்துக்கு ஒண்ணோ ரெண்டோதான் மாமா. திரும்பி வர எரிபொருளை அந்த ரெண்டுலேர்ந்துதான் பிடுங்கணும். கடைசியில சேட்டிலைட்டே இருக்காது."

"கீழ் அடுக்கு மட்டும் திரும்பட்டும்டா. பெரிய இன்ஜின் எல்லாம் அதுலதானே இருக்கு. மேல் அடுக்கு போனால் போகட்டும்."

நான் உள்ளே அவரைக்காய் நறுக்கிக்கொண்டே இதையெல்லாம் கேட்பேன். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். மூன்று பேரும் சேர்ந்து ஒரு பல்பு மாற்ற மாட்டார்கள், சொர்க்கத்துக்கு வாகனம் விடுவார்கள்.

அந்த ஆட்டோ ராக்கெட் கம்பெனி ஒரு புத்தகம் போட்டிருந்தது. தங்கள் ராக்கெட்டில் சேட்டிலைட் ஏற்ற வருகிற வாடிக்கையாளருக்கான புத்தகம். எவ்வளவு எடை தூக்கும், போகிற வழியில் எவ்வளவு உதறும், எந்த இடத்தில் எந்த போல்ட் என்று எல்லாம் அதில் இருக்குமாம். காஸ்பர் தன்னை ராக்கெட் ரசிகன் என்று சொல்லி இரண்டு கடிதம் போட்டார். ஒரு கலர் ஸ்டிக்கர் வந்தது, அவ்வளவுதான். வாடிக்கையாளருக்கு மட்டும்தான் புத்தகம் என்றால் நாம் வாடிக்கையாளர் ஆகிவிடுவோமே என்றார் ஷரஃபுதீன். அடுத்த வாரமே இருநூறு லெட்டர்ஹெட் அச்சடித்துக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். 'கோரமண்டல் ஸ்மால் சேட்டிலைட்ஸ், மெட்ராஸ் 4.' விலாசம் எங்கள் வீடு.

கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். காஸ்பர் சர்க்கார் ஊழியர், அவர் பெயர் கூடாது. "என் பேரைப் போட்டா புக்குக்குப் பதிலா வேற யாராச்சும் வருவாங்க" என்று ஷரஃபுதீன் சிரித்தார். மற்ற யாரும் சிரிக்கவில்லை. மீதி இருந்தது ஸ்டீவ். லெட்டர்ஹெட்டின் வலது மூலையில் மறுபடி அச்சேறியது: 'எம். ஸ்டீவ், டெக்னிகல் டைரக்டர்'. வேலையில்லாத பையனுக்கு வீட்டிலேயே ஒரு பதவி என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

நான் தி. நகரில் ஒரு வக்கீல் ஆபீசில் ஸ்டெனோ. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஆபீஸ் டைப்ரைட்டரிலேயே கடிதத்தை அடித்தேன். நாற்பது கிலோ எடையுள்ள சேட்டிலைட் ஒன்று எங்களிடம் தயாராகி வருகிறது என்று அடித்தேன். நாற்பது கிலோவில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரு கிரைண்டர் மட்டும்தான்.

ஆகஸ்டில் புத்தகம் வந்தது. தலையணை கனம். காஸ்பர் அதற்குப் பிரவுன் பேப்பர் அட்டை போட்டு வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கம்பெனிக்காரன் அதோடு விடவில்லை. சேட்டிலைட் எந்த மாதம் தயாராகும், எந்த உயரத்துக்குப் போக வேண்டும் என்று ஸ்டீவ் பெயருக்கு மாதம் ஒரு கவர் அனுப்பிக்கொண்டே இருந்தான். தபால்காரர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "அமெரிக்கா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவார்.

நவம்பரில் ஸ்டீவுக்கு வேலைக் கடிதமும் வந்தது. ஸ்ரீஹரிகோட்டாவில் டெக்னீஷியன். காஸ்பர் அவனைத் தூக்கிச் சுற்றினார். ஷரஃபுதீன் பிரியாணி கொண்டுவந்தார். நான் மாதா கோவிலில் முழங்கால்போட்டு அழுதேன். கடிதத்தின் கடைசி வரியில் போலீஸ் விசாரணைக்கு உட்பட்டு என்று இருந்தது. நல்ல குடும்பம், நமக்கென்ன என்று நினைத்தேன்.

பத்தே நாளில் பேப்பர் முழுக்க அந்தச் செய்தி வந்தது. நம் ராக்கெட் விஞ்ஞானிகளே ரகசியத்தை வெளிநாட்டுக்கு விற்றுவிட்டார்கள், உளவாளிகள், கைது என்று தினம் ஒரு தலைப்பு. அதில் ஒன்றுமே இல்லை என்று நாலு வருஷம் கழித்து கோர்ட் சொன்னது. ஆனால் அந்த டிசம்பரில் யாருக்கு அது தெரியும்? பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த ஒருவர், "வெளிநாட்டுக்காரனுக்கு லெட்டர் போட்டவனையெல்லாம் புடிச்சு உள்ள தள்ளணும் சார்" என்றார். பாண்டி பஜார் வருவதற்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே நான் இறங்கிவிட்டேன்.

வக்கீல் ஆபீசில் வேலை செய்தால் ஒரு கஷ்டம். எதற்கு எந்த செக்‌ஷன் என்று தெரிந்துவிடும். மோசடிக்கு ஒன்று, பொய் ஆவணத்துக்கு ஒன்று. டைப் அடித்த எழுத்தை வைத்தே மெஷினைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நானே எத்தனை நோட்டீஸில் அடித்திருக்கிறேன்! எங்கள் மெஷினில் 'ஏ' எழுத்து அரை நூல் மேலே ஏறி விழும். ராத்திரி கண்ணை மூடினால் அந்த 'ஏ' வரும்.

மிச்சமிருந்த லெட்டர்ஹெட்டை எல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன். புத்தகத்தைக் காஸ்பர் தரவில்லை. "கேக்கறவனுக்கெல்லாம் குடுக்கிற வியாபாரப் புஸ்தகம் ஃப்ளோரன்ஸ், இதுல என்ன ரகசியம்?" என்றார்.

"அதைப் போலீஸ்கிட்ட சொல்லுங்க. உங்க பேர் அதுல இல்லை. என் தம்பி பேர் இருக்கு."

அவர் முகம் செத்துப்போயிற்று. புத்தகத்தை எடுத்துக்கொண்டு திருவல்லிக்கேணி போனார். ஷரஃபுதீன் அதைக் கையால் தொடவில்லையாம். "என் கடைல வேணாம் நைனா. உங்களைன்னா விசாரிப்பாங்க. என்னை..." என்று சொல்லி நிறுத்திவிட்டாராம். அந்தச் சனிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. புத்தகம் அரிசி டிரம்முக்குள் போயிற்று.

மறுவாரம் வெள்ளிக்கிழமை காலை. காஸ்பர் முதல் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். கதவு தட்டிய சத்தம். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கையில் ஃபைலோடு நின்றார். நான் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தேன். பழுப்பு நிற ஷூ. போலீஸ் ஷூ.

"எம். ஸ்டீவ்னு இங்க யாராச்சும் கீறாங்களா?"

"அப்படி யாரும் இங்கே இல்லையே" என்றேன்.

அவர் ஃபைலைப் பார்த்தார். "இந்த அட்ரஸ்தான் போட்டுக் கீது."

"தெரியாதுங்க. நாங்க இப்பத்தான் குடி வந்தோம்."

"ஓகோ" என்றார். எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். இயேசுவைத் தெரியாது என்று சொன்ன பேதுருவிடமாவது மூன்று முறை கேட்டார்கள். எனக்கு ஒரு முறையே தாராளமாக இருந்தது.

கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திரும்பினேன். குளியலறைக் கதவு திறந்து ஸ்டீவ் ஈரத் தலையோடு நின்றுகொண்டிருந்தான்.

"யாரு அக்கா வந்தது? ஏட்டு சங்கரனா? வெரிஃபிகேஷனுக்கு இந்த வாரம் வருவார்னு ஸ்டேஷன்ல சொன்னாங்க. உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

வந்தவர் லெட்டர்ஹெட்டைத் தேடி வரவில்லை. ஸ்டீவ் இந்த வீட்டுப் பிள்ளை, நல்லவன் என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதிக்கொண்டு போக வந்தவர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் பட்டப்பகலில் அரண்டேன்.

"என்னைத் தெரியாதுன்னா சொன்னே?" என்றான் ஸ்டீவ். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

புடவையைக்கூட மாற்றாமல் ஸ்டேஷனுக்கு ஓடினேன். எந்த வாசலை நினைத்து மூன்று வாரமாகத் தூங்கவில்லையோ அதே வாசலில் நானாகப் போய் நின்றேன். வெளியே டீக்கடையில் அதே பழுப்பு ஷூவோடு ஏட்டு சங்கரன் இருந்தார். "ஐயா, நான் பொய் சொல்லிட்டேன். அவன் என் தம்பி" என்றேன்.

அவர் என்னைக் கடைக்குப் பின்னால் இருந்த மரத்தடிக்குக் கூட்டிப்போனார். "இன்னாத்துக்கும்மா பொய் சொன்ன?"

ஏதாவது குடும்பச் சண்டை என்று சொல்லியிருக்கலாம். வழி நெடுக அப்படி ஒன்றை ஜோடித்துக்கொண்டும் வந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் கொட்டிவிட்டது.

"சேட்டிலைட்டு எங்க கீது?" என்றார்.

"இல்லைங்க."

"நாப்பது கிலோன்னு எழுதினேன்ற."

"பொய்ங்க."

"பொய் சொல்லி இன்னா வாங்கின?"

"ஒரு புஸ்தகம்."

"அத்த யார்கிட்ட வித்த?"

"விக்கலைங்க. படிச்சாங்க."

"படிச்சு?"

"சண்டை போட்டாங்க."

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "யம்மா, ஒரு புக்குக்கோசரம் எவனாச்சும் கம்பெனி ஆரம்பிப்பானா? உள்ள ஐயா காதுல இது வுழுந்துச்சு, அவ்ளோதான். நானே நம்பலையே."

அப்போது வந்த பயம் அதுவரை வந்ததே இல்லை. பொய்யை நம்பினார். உண்மையை நம்பவில்லை. இனி என் கையில் என்ன இருக்கிறது? எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, ஏன் என்று தெரியாமல், சனிக்கிழமைச் சண்டையை ஒப்பிக்க ஆரம்பித்தேன். பல்லவன் பஸ்ஸைக் கடலில் தள்ளுவது, திரும்பி வர எரிபொருளைச் சுமப்பது, நாலு கால், ப்ளேன் வயிற்றில் கட்டிய ஆட்டோ, நூற்றுக்கு இரண்டு, கீழ் அடுக்கு மட்டும் திரும்பினால் போதும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். யார் எதைச் சொன்னார்கள், அதற்கு யார் என்ன மடக்கினார்கள் என்பதைக்கூட விடவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு, ஒரு போலீஸ்காரரிடம், டீக்கடை மரத்தடியில்.

அவர் கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம் கையை உயர்த்தினார். "போதும்மா. இத்தயெல்லாம் யாரும் இட்டுக்கட்டிச் சொல்ல முடியாது. பைத்தியக்காரப் பசங்கதான், ஒத்துக்கறேன்."

பிறகு யோசித்தார். "ஒண்ணு செய்றேன். நீ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். பையன் அங்க இல்ல, திருவல்லிக்கேணிக்குக் காலி பண்ணிகினு பூட்டான்னு எழுதிடறேன். பேப்பர் அந்த ஸ்டேஷனுக்குப் போவும். ரூம் பசங்க தங்கற மேன்ஷன்ல விசாரிப்பாங்க. அங்க யாருக்கு இன்னா தெரியும்? உங்க தெருவுல விசாரிச்சா போஸ்ட்மேனே சொல்லிடுவான், அமெரிக்கா கவரு வருதுன்னு."

"சரிங்க."

"இன்னா சரி? நெசமாவே அவன் அங்க இருக்கணும். இன்னிக்கே போவணும். ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் உங்க வூட்டுப் பக்கம் தலை காட்டக் கூடாது. நீங்களும் அங்க போவக் கூடாது."

நான் சொன்ன பொய்யை உண்மையாக்கினால்தான் அவனுக்கு வேலை. எனக்குப் புரிந்தது. அவர் ஏன் இந்த அளவுக்கு உதவினார் என்று இன்றைக்கும் தெரியாது. நன்றி சொல்லக்கூட நிற்காமல் அவர் உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலமே ஸ்டீவ் ஒரு டிரங்குப் பெட்டியோடு கிளம்பினான். காஸ்பர் ஆட்டோ வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு பேரும் ராக்கெட் என்ற வார்த்தையையே பேசவில்லை. திரும்பி வந்ததும் காஸ்பர் அரிசி டிரம்மில் கையை விட்டுப் புத்தகத்தை எடுத்தார். வெந்நீர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் போட்டார். சில தாளைப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்தார். அன்றைக்குத் தவலை நிறைய வெந்நீர் கொதித்தது. யாரும் குளிக்கவில்லை.

கிறிஸ்மஸுக்கு அவன் வரவில்லை. வரக் கூடாது. நான் செய்த கல்கல் பலகாரத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தின்றார்கள். ஜனவரியில் ஒரு அமெரிக்கா கவர் வந்தது. 'விலாசதாரர் இங்கில்லை' என்று என் கையாலேயே எழுதித் தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றேன். திருவல்லிக்கேணி ஸ்டேஷன்காரர்கள் விசாரித்தார்களா, என்ன எழுதினார்கள், ஒன்றும் தெரியாது. அவனுக்கு ஜுரம் வந்து மேன்ஷனில் நாலு நாள் தனியாகக் கிடந்தான் என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் ஆபீசுக்குப் போன் வந்தது. சூலூர்பேட்டையிலிருந்து ஸ்டீவ். எஸ்.டி.டி. பூத்தில் பின்னால் லாரி சத்தம்.

"ஜாயின் பண்ணிட்டேன்க்கா."

உட்கார்ந்தேன். "ஆண்டவரே, மாதாவே" என்றுதான் வாயில் வந்தது.

"ஒரு ஃபாரம் குடுத்தாங்கக்கா. நெருங்கிய உறவினர் பேரும் விலாசமும் கேட்டிருந்தாங்க. உன் பேரை எழுதியிருக்கேன்."

"எந்த விலாசம்?"

"நம்ம வீடுதான். வேற எது?"

"பைத்தியமாடா நீ?" நான் கத்திய கத்தில் ஜூனியர் வக்கீல் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "உன்னை அந்த விலாசத்திலேயிருந்து பிரிக்கத்தானே இவ்வளவும் பண்ணினோம்! போய் வேற ஃபாரம் கேட்டு வாங்கு. அப்பா பேரை எழுது."

"செத்தவங்க பேரை எழுத முடியாதுக்கா."

"அப்படின்னா காலியா விடு."

"நான் காலியான ஆளா?" என்றான். "எனக்கு வேற யாருக்கா இருக்காங்க? பேனாவால எழுதிட்டேன். மாத்த மாட்டேன்."

"விசாரிக்க வந்தா நான் என்னடா சொல்றது?"

"ஆமா, என் தம்பிதான்னு சொல்லு. அவ்வளவுதான்."

உள் அறையிலிருந்து வக்கீல் ஐயா டிக்டேஷனுக்குக் கூப்பிட்டார்.

"சொல்லுவியாக்கா?" என்றான் மறுபடியும்.

சொல்வேன் என்றேன். என் குரலை என்னாலேயே நம்ப முடியவில்லை.